மஞ்சள் அக்காவும் நூறு வயதுக் கவுனும்

மொன்றியலில் மஞ்சள் அக்காவிடமிருந்து தப்பிய புதுப்பொருள் கிடையாது. புதுத்துணி ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அக்கா அதோடு நிற்கமாட்டார். ஃபிரிட்ஜ், பனிச் சப்பாத்து, என் லேப்டாப், எதையும் விட்டதில்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள எங்கள் கட்டடத்தில் கடைப் பையோடு அவர் கதவைக் கடக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். பலிக்காது.

"நில்லும் தங்கச்சி, புதுசோ?"

அவருடைய ஒரே மகள் துளசிக்கும் ஒரு கியூபெக் பையனுக்கும் மாசியில் சர்ச் கல்யாணம் நிச்சயமானது. பையனின் அம்மா, அவர்கள் குடும்பத்தில் நூறு வருஷத்துக்கு முன் ஒரு மணப்பெண் உடுத்திய கவுனைக் கொண்டுவந்து கொடுத்தார். துளசிக்குக் கண் கலங்கிவிட்டது. உடுத்தினால் இதைத்தான் என்றாள்.

தாடைவரை ஏறிய லேஸ் கழுத்து, மணிக்கட்டுவரை கை, பிடித்து இறுக்கிய இடுப்பு, தரையில் இழுபடும் வால், முதுகு நெடுக மிளகளவு பொத்தான்கள். அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கழுத்தை இப்பிடி மூடினா தாலியை எங்கை கட்டுறது? இந்த இடுப்போடை கலியாணச் சாப்பாடு எப்பிடி உள்ளை போறது?"

மறுநாள் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். கவுனின் கை ஓரத்தில் பளிச்சென்று மஞ்சள்.

"என்னக்கா இது! நூறு வருஷப் பழசாச்சே!"

"அவளுக்குப் புதுசுதானே."

சொல்லிவிட்டாரே தவிர, முகம் வெளிறியிருந்தது. சவர்க்காரம் போட்டுத் துவைத்தார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ரத்தச் சிவப்பு. அலசினால் மறுபடி மஞ்சள், இப்போது உள்ளங்கை அகலத்துக்கு.

"வெயில் பட்டால் போயிடும்" என்று பால்கனியில் தொங்கவிட்டார். அந்தக் குளிரில் வெயிலுக்கு எங்கே போவது? கவுன் அப்பளம்போல விறைத்ததுதான் மிச்சம்.

துளசி, "பரவாயில்லை அம்மா" என்று கல்யாணத்தன்று வாடகைக் கவுனில் போய் நின்றாள். சம்பந்தியம்மாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். படம் எடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் கோட் எடுக்கிற சாக்கில் நழுவினார்.

கறை போகாமல் கவுனைத் திருப்பித் தரமாட்டேன் என்று தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆடி மாதம் என் கதவைத் தட்டினார். கையில் கவுன், பால் வெள்ளை.

"கறையை வெயில் திண்டிட்டுது தங்கச்சி."

சிரித்தார். பிறகு என் சோபாவில் உட்கார்ந்து அழுதார்.

துளசி வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு குடும்பமும், நான் உட்பட, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். பெண்ணின் அம்மா மட்டும் இல்லை.

எத்தனை கறை இருந்தால்தான் என்ன, அக்கா? நீங்கள் அதில் நின்றிருக்க வேண்டும்.