தலையணை கட்டிய மாஸ்டர்

கட்டிங் மாஸ்டரால் நிமிரவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பியது. தொப்பையை வெட்டியெடுத்துத் தைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் முதலாளியிடமிருந்து போன்.

“மாஸ்டர், நாளைக்கே ஆர்டர் கொடுத்த பார்ட்டி வர்றாங்க. பெரிய சைஸ் பேண்டைப் போட்டுக் காட்டணும். நீங்க இல்லாம எப்படி?”

அங்கேதான் சிக்கல். அந்தத் தையல் கம்பெனியில் பெரிய சைஸ் பேண்ட் எதுவும் மாஸ்டரின் வயிற்றில் ஏறி இறங்காமல் வெளியே போகாது. பதினாறு வருடப் பழக்கம். அந்த வயிற்றைத்தான் மனுஷன் குடலிறக்க ஆபரேஷன் என்று புளுகிவிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி எடுத்துவிட்டிருந்தார்.

எல்லாம் ஒரு பேச்சால் வந்த வினை. “புது யூனிட்டுக்கு மேனேஜர் போடணும். பார்த்ததும் நம்ம கம்பெனின்னு தெரியற ஆளா இருக்கணும்” என்றிருந்தார் முதலாளி. அன்று மாஸ்டர் குனிந்து பார்த்தார். தன் கால் தெரியவில்லை. இந்த உருவத்துக்கு யார் அந்த நாற்காலியைத் தருவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

“வர முடியாதுன்னு சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி.

“சொன்னா மேனேஜர் வேலை போயிடும்.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

“பேசாம ஆஸ்பத்திரியில போட்டுவிட்ட பெல்ட்டுக்கு மேல ஒரு தலையணையைக் கட்டிவிடு.”

கட்டினாள். முடிச்சுப் போடும்போது மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு அந்தத் தொப்பை ஒருநாளும் இடைஞ்சலா இருந்ததில்லீங்க.”

மாஸ்டர் நினைத்துக்கொண்டார்: இதை ஒரு மாதம் முன்பே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் கம்பெனியில், போட்டுக் காட்டிய முதல் பேண்ட் தொளதொளவென்று நின்றது. மாஸ்டர் பாத்ரூமுக்கு ஓடி இரண்டு துண்டுகளைத் திணித்துக்கொண்டு வந்தார். இப்போது இடப்பக்கம் மட்டும் புடைத்தது.

“இடது பக்கம் ரெண்டு இன்ச் பத்தல!” முதலாளி கத்தினார். “நூத்தம்பது பேண்டையும் பிரிங்க!”

தையல்காரர்கள் முகம் செத்துப்போய்க் கத்தரியை எடுத்தார்கள். ஒரு பாவமும் அறியாத தையல் பிரிவதை மாஸ்டரால் பார்க்க முடியவில்லை.

“நிறுத்துங்கப்பா! பேண்ட்ல தப்பில்ல...” என்று அவசரத்தில் நிமிர்ந்துவிட்டார். முடிச்சு அவிழ்ந்தது. தலையணை பேண்டுக்குள்ளேயே இறங்கிக் கால் வழியாக எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

“எதுக்கு மாஸ்டர் இப்படிப் பண்ணீங்க?” என்றார் முதலாளி.

“மேனேஜர்னா பார்க்க லட்சணமா இருக்கணும்னு தொப்பையை எடுத்துட்டேன்...”

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு, போனோடு வெளியே போனார்.

மாஸ்டர் கூனிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். புது யூனிட் வாசலில், ஏணிமேல் நின்று போர்டு எழுதுகிறவர் ஒரு முழு உருவப் படத்தின் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யார் படம்?” என்றார் மாஸ்டர்.

“உங்க படம்தான் மாஸ்டர். பெரிய சைஸ் யூனிட்டுக்கு நீங்கதான் மேனேஜர்னு நேத்தே வரைஞ்சு முடிச்சுட்டேன். இப்பதான் முதலாளி போன் பண்ணினாரு, வயித்தை அப்படியே வச்சுக்கிட்டுத் தலையை மட்டும் மாத்தணுமாம்!”