சின்ன விஷயம்

பிரபஞ்சத்தின் அந்தரங்கம் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்தவர். மற்றவர் சிதறல் ஆய்வுக்கூடத்தின் தலைவர். முன்னவர் இதுவரை உரை நிகழ்த்தியதில்லை. பின்னவர் நிகழ்த்தாத நாளில்லை.

ஆய்வு எளிமையானதுதான். அலுமினிய டப்பாவில் ஹைட்ரஜனை நிரப்பி, அதன் மேல் எலக்ட்ரான்களை வீச வேண்டும். அவை எந்தக் கோணத்தில் தெறிக்கின்றன என்று பார்த்தால், ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டானின் வயிற்றுக்குள் குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது தெரிந்துவிடும். மூன்று வாரம் வீசினார்கள். இதுவரை எவரும் காணாத "ஓர் அமைப்பு" தெரிந்தது. தலைவர் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார்.

மதிப்பீட்டுக் குழு வந்திறங்கிய காலையில், எரிவாயுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் 'வால்வு அக்கா' அவர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், டப்பால ஹைட்ரஜன் இல்ல."

"தீர்ந்துபோச்சா?"

"நிரப்பவே இல்ல சார். மூணு வாரமா காலி டப்பாவைத்தான் அடிச்சிருக்கீங்க."

"ஏம்மா வால்வைத் திறக்கல?"

"உங்க கையெழுத்து இல்லாம திறக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு? நாலு தடவை ஃபைலோட வந்தேன். 'சின்ன விஷயத்தையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க'ன்னு விரட்டினீங்க."

புரோட்டானை ஆராய்கிறவர் சொல்லக்கூடிய வார்த்தையா அது! அவருக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நொடி குழுவின் நினைவு வந்தது. கூடம் இன்னும் மூன்றாண்டு ஓடுமா, இன்றே இழுத்து மூடப்படுமா என்பதை மதியத்துக்குள் குழு தீர்மானித்துவிடும்.

"உண்மையைச் சொல்லிடறேம்மா."

"சொல்லிடுங்க சார். அதுக்குக் கையெழுத்து வேண்டாம்."

மேடை ஏறினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெரியோர்களே, நாங்கள் அடித்துப் பார்த்த இடத்தில்... உள்ளே ஒன்றுமே இல்லை."

குழுவின் தலைவி கண்கலங்க எழுந்தார். "வெறுமை! பருப்பொருளின் அடியாழத்தில் வெறுமை! இதை இவ்வளவு அடக்கமாகச் சொல்ல யாரால் முடியும்?"

'வால்வு' என்ற சொல் தலைவரின் நாக்கு நுனிவரை வந்தது. "மூன்றாண்டு நீட்டிப்பு" என்ற அறிவிப்பைக் கேட்டதும் திரும்பி உள்ளே போய்விட்டது. எழுந்த கைதட்டல் அவர் மார்பில் புகுந்து, எதிலும் மோதாமல், முதுகு வழியே வெளியேறியது. அதற்கு என்ன பொருள் என்று, துறை நிபுணர் என்ற முறையில், அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வாசலில் அக்கா காத்திருந்தார். "இப்பவாவது திறக்கட்டுமா சார்?"

"ஐயையோ, வேண்டாம்மா! ஹைட்ரஜன் உள்ள போச்சுன்னா முடிவு மாறிடும்!"

பேனாவை எடுத்தார். மூன்று வாரமாகக் கிடைக்காத கையெழுத்து அரை நிமிடத்தில் விழுந்தது, வால்வை மூடியே வைக்கச் சொல்லும் உத்தரவின் கீழ்.