தலையில் வைக்காத தொப்பி

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். தலையில் ஒருமுறைகூட வைக்காத தொப்பிக்காகக் கூட இருந்தவர்கள் உயிரை வாங்கிய மனிதர் அவர்களில் ஒருவர்தான். அவரோடு வடக்குப்பட்டில் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. அவருக்கு ஒரு பெயர் உண்டு. கம்பெனி அடையாள அட்டையில் போட்டிருந்தார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் தொப்பி. நேரில் தொப்பியண்ணே.

கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அங்கேயே தரம் பார்க்கும் பிரிவில். புது மெஷின் நிறுவ இத்தாலியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வரும்போது தலையில் சாம்பல் நிறத் தொப்பி. முயல் முடியை அழுத்திச் செய்த ஃபெல்ட். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். நம் வெயிலில் அது எதற்கு? மறுநாளே கழற்றிவிட்டார். மெஷினை ஒரு கீறல் இல்லாமல் இறக்கி வைத்தவர் என்பதால் தொப்பியண்ணனிடம் அதைக் கொடுத்தார். அடுத்த முறை வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரை பத்திரம் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். எப்படிப் பராமரிப்பது என்று சைகையிலேயே ஒரு பாடமும் எடுத்தார். போனவர் வருஷக்கணக்கில் வரவில்லை.

வேறு யாராவது என்றால் அந்தத் தொப்பி எப்போதோ கல்யாண வீட்டு ஃபோட்டோவில் ஏறியிருக்கும். இவர் அப்படி இல்லை. வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு லட்சியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து செல்வம் எங்கள் அறைக்கு வந்த அன்றே தொப்பியின் உச்சியைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

“டேய், கிள்ளாதடா. அது இன்னா கொழந்த கன்னமா?”

“வேற எதப் பிடிச்சுண்ணே தூக்கதுக்கு?”

“ஓரத்த. ரெண்டு கையால. உச்சிய கிள்ளிக்கினே இருந்தா அங்கதான் கிழியும். கீழ வெச்சா மல்லாக்க வை. ஓரம் தரையில பட்டா வளைஞ்சுக்கும்.”

“ஆணியில மாட்டலாமாண்ணே?”

“உன் மண்டைய மாட்டுவியா?”

செல்வம் அன்று முழுக்க என்னிடம் மட்டும் பேசினான்.

பரணில் தொப்பிக்கு இடம் போட்டார். எங்கள் ஆலையில் எந்தப் பொருளுக்கும் மஞ்சள் டேப் ஒட்டி இடம் ஒதுக்குவார்கள். அந்தக் கட்டத்துக்குள் வேறு பொருள் இருந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். இவர் அதே டேப்பைப் பரணில் ஒட்டி, அதே வேலையைத் தானே பார்த்தார். நாங்கள் மூவரும் பணம் போட்டு டேபிள் ஃபேன் வாங்கினோம். இவர் தொப்பிக்கென்று அதன் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஃபேனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டிக்குள் மெல்லிய தாள் வேண்டும். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். காஞ்சிபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பட்டுப்புடவைப் பெட்டியில் வரும் வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கி வருவார். அதைக் கசக்கித் தொப்பிக்குள் அடைப்பார். பூச்சிக்கு அந்துருண்டை. அதற்குக் கீழேதான் என் சட்டைகள். ஷிப்டில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

வாரம் ஒருமுறை மெத்தென்ற பிரஷால் தூசி தட்டுவார். அதுவும் கோயில் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத்தான். முடி அந்தப் பக்கம்தான் படியுமாம்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகித் தொப்பி நனைந்தது. வெயிலிலும் வைக்கவில்லை, காற்றிலும் வைக்கவில்லை. உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே திருப்பிவிட்டுத் தானாகக் காய விட்டார். காயும்வரை ஃபேன் போடக் கூடாது, சுருங்கிவிடும் என்றார். மூன்று பேரும் புழுங்கிச் செத்தோம். பிறகும் ஓரம் ஒரு பக்கம் கோணியிருந்தது. வீட்டுக்கார அம்மாவின் இட்லிப் பானையைக் கடன் வாங்கி, அந்த ஆவியில் காட்டி விரலால் நிமிர்த்தினார். அந்த அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“இன்னாப்பா, வெந்துச்சா?”

“இன்னும் கொஞ்சம் கீதும்மா,” என்றார் இவர், சிரிக்காமல்.

ஒருநாள் கம்பெனியில் சொன்னார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் இத்தாலிக்காரர் மெஷினைப் பார்க்க வருகிறார். தொப்பியண்ணன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பூஜையன்று காலை தொப்பியைக் காற்றாட எடுத்துக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டு, கம்பெனிப் பூஜைக்கு எங்களோடு பஸ் ஏறினார்.

திரும்பி வந்தோம். வீட்டுக்கார அம்மா எங்கள் அறைக்கும் பூஜை போட்டிருந்தார். பைக்குக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு, ஃபேனுக்குப் பொட்டு. கட்டிலில் தொப்பி கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் சாமந்திச் சரம். நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உங்களை யாரும்மா இதைத் தொடச் சொன்னது?” என்று கத்தினேன்.

“ஏன் கத்தற? அவன் அவன் ஆயுதத்துக்கு வெச்சேன். இவனுக்கு அதானே ஆயுதம்? நாள் முச்சூடும் அத்தத்தானே தொடச்சிக்கினு கீறான்?”

செல்வம் சோப்புத்தூளைக் கரைக்கப் போனான். தொப்பியண்ணன் தடுத்தார். “ஈரத்துல தேய்க்காத. உள்ள எறங்கிடும். காயட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தம்மா போற வரிக்கும் கை வைக்காத. பொட்ட அழிச்சா மனசு சங்கடப்படும்,” என்றார். நான் கத்தியதற்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

காய்ந்ததும் பிரஷால் தட்டினார். சந்தனம் உதிர்ந்தது. பழைய ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். மஞ்சள் போனது. குங்குமம் போகவில்லை. முன்னால், நடுநெற்றியில், சிவப்பாக அப்படியே நின்றது. அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்ஜினியர் வந்த அன்று ஃபேன் பெட்டி கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்தது. செல்வம் நின்றுகொண்டு வந்தான். மெஷின் பக்கத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். அந்துருண்டை வாசனையில் இன்ஜினியர் தும்மினார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டில் கண் நின்றது.

“சாரி சார். பூஜா,” என்றார் தொப்பியண்ணன். மனப்பாடம் செய்து வந்தது அவ்வளவுதான்.

இன்ஜினியர் மெஷினைப் பார்த்தார். அதன் கதவிலும் சந்தனம், குங்குமம். அதைத் தொட்டுக் காட்டினார். தொப்பியைத் தொட்டுக் காட்டினார். சிரித்துவிட்டுத் தலையில் வைத்தார். பிறகு மரியாதையாகக் கழற்ற நினைத்து, உச்சியைக் கிள்ளிப் பிடித்தார்.

“சார், கிள்ளாதீங்க சார்,” என்றார் தொப்பியண்ணன், தமிழில்.

எப்படிப் புரிந்ததோ தெரியாது. மனிதர் கையை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக் கழற்றினார்.

தொப்பி இன்ஜினியரோடு போய்விட்டது. சில மாதத்தில் தொப்பியண்ணன் மறைமலை நகரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நிம்மதி என்றுதான் சொன்னேன். சட்டையில் வாசனை போய்விட்டது. பக்கத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். போன வாரம் அறைக்குப் புதிதாக வந்தவன் பரணில் மஞ்சள் டேப்புக்குள் தன் பையை வைத்தான். எடு என்றேன்.

“காலியாத்தானே கீது?” என்றான்.

இல்லை என்றேன்.