மலையிறங்கியின் எடைக் குறைப்பு

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் எல்லாமே பணத்தைத் தண்ணீராக இறைத்துச் செய்யப்பட்டவை. சந்திரனுக்குப் போனார்கள், செலவு. எவரெஸ்ட்டில் ஏறினார்கள், அதுவும் செலவு. சல்லிக்காசு செலவில்லாமல் ஒரு சாதனை நடந்தது என்றால் அது 2009ஆம் வருடம் கேளம்பாக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மூன்றாவது மாடியில்தான் நடந்தது. நடத்திக் காட்டியவன் ஊரப்பாக்கம் ஹர்ஷவர்தன். அவனுக்கு இன்னும் சிலை வைக்காதது நம் நன்றிகெட்டதனம். வைத்திருந்தால் காக்கைகளுக்காவது உபயோகப்பட்டிருக்கும்.

அந்த வருடம் உலகம் முழுக்கக் கம்பெனிகள் சரிந்துகொண்டிருந்தன. ஹர்ஷாவின் கம்பெனி சரியவில்லை. 'திட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.' இந்த நுட்பமான வித்தியாசத்தை ஊழியர்களுக்குப் புரியவைக்க, வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் கிளைக்கு ஒரு மலையிறங்கு சைக்கிள் அனுப்பிவைத்தது. மலை உச்சியிலிருந்து பாறை, பள்ளம் பாராமல் தலைதெறிக்க இறங்குவதற்கென்றே செய்த வண்டி. மேலே ஏறுவதற்கு உதவாது. கிளைகளுக்குள் போட்டி நடக்கும் என்றார்கள். கேளம்பாக்கத்தில் மலை இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் போனால் நாலு குன்று கிடைக்காமலா போய்விடும்?

வண்டிக்கு முன்னால் புல்லட்டுக்கு இருப்பது போல இரண்டு தடித்த கால்கள், நடுவில் ஒரு முரட்டு ஸ்பிரிங். வாசலில் செக்யூரிட்டி முத்துசாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இஞ்சின எங்க சார் கயட்டி வெச்சிகீறீங்க?"

நிர்வாக அதிகாரி ராஜேந்திரனுக்கு வேறு கவலை. ஸ்டாண்டு இல்லாத வாகனத்தை வளாகத்தில் நிறுத்த விதியில் இடமில்லை. ஆகவே ஸ்டாண்டு போட்டார். ஸ்டாண்டு வந்ததும் வண்டி சைக்கிள் போலத் தெரிய ஆரம்பித்தது. எனவே கேரியர், மட்கார்டு, மணி, பூட்டுச் சங்கிலி, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம். கொரியர்காரர் தராசில் நிறுத்தபோது மொத்தம் இருபத்திரண்டு கிலோ வந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில்: 'நாம் இலகுவான நிறுவனம். எல்லாக் கிளைகளின் வண்டியும் பதினைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும்.'

மனிதவள மேலாளர் வசுமதி, ஹர்ஷாவை அறைக்குக் கூப்பிட்டார். ஹர்ஷா அப்போது 'பெஞ்சில்' இருந்தான். அதாவது கையில் வேலை ஏதும் இல்லாமல், சம்பளத்தை மட்டும் மனச்சாட்சி உறுத்த வாங்கிக்கொண்டிருந்தான்.

"பெஞ்ச்ல இருக்கறவங்க லிஸ்ட் கேட்டிருக்காங்க, ஹர்ஷா."

"நானும் அதுல இருக்கேனா மேடம்?"

"இருக்கே. ஆனா பென்சில்லதான் எழுதியிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள அந்த சைக்கிளைப் பதினஞ்சு கிலோவுக்குக் கொண்டு வா, அழிச்சிடறேன்."

"பட்ஜெட் எவ்வளவு மேடம்?"

"பட்ஜெட் இருக்கு. அதுல பணம்தான் இல்லை."

ஹர்ஷா காலண்டரில் நாட்களை எண்ணினான். அதிதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா, "நிச்சயதார்த்தத்தை மாசக் கடைசி தாண்டி வெச்சுக்கலாமே, என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டிருந்தார். அவரும் பேப்பர் படிக்கிறவர்தான். வேலை போனால் அதிதியும் போவாள் என்பது ஹர்ஷாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவன் தன் சிநேகிதன் ஸ்டான்லியிடம் ஓடினான். ஸ்டான்லி பூஞ்சேரிக்காரன். அவன் டீமில் இரண்டு பேரைக் கம்பெனி ஏற்கெனவே அனுப்பிவிட்டதால், மூன்று பேர் வேலையை ஒருவனாகச் செய்துகொண்டிருந்தான். அதற்காகக் கம்பெனி அவனுக்கு ஒரு சிறப்பு மரியாதையும் செய்தது. ராத்திரி ஆபீஸ் விளக்கை அணைக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தது.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாராகீது?" என்றான் ஸ்டான்லி.

ஹர்ஷா விஷயத்தைச் சொன்னதும் இருவரும் இணையத்தில் தேடினார்கள். டைட்டானியம் ஸ்பிரிங் போட்டால் எடை குறையும், காற்றால் இயங்கும் ஷாக் அப்சார்பர் போட்டால் இன்னும் குறையும் என்று உலகத்து நிபுணர்கள் எழுதியிருந்தார்கள். அந்த நிபுணர்கள் யாரும் வசுமதியிடம் பட்ஜெட் கேட்டவர்கள் இல்லை. கடைசியில் ஸ்டாண்டு, கேரியர் வகையறாவைக் கழற்றினார்கள். சீட்டைத் தாங்கும் குழாயை அரம்பத்தால் அறுத்தார்கள். ஹாண்டில்பாரின் இரண்டு முனையையும் நறுக்கினார்கள். ஸ்டிக்கர்களைச் சுரண்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் வசுமதியும் ராஜேந்திரனும் அடங்கிய கமிட்டி கூடி, டீ குடித்து, தீர்மானம் போட்டது. எலுமிச்சம்பழத்தில் மட்டும் கைவைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

பத்தொன்பது கிலோவில் வண்டி நின்றுவிட்டது.

"பிரேக்கை எடுத்தா என்ன?" என்றார் ராஜேந்திரன். "இது இறங்கற வண்டி. பிரேக் நிக்கறதுக்குத்தானே?"

"டயர்ல இருக்கற காத்து எவ்வளவு வெயிட் வரும்?" என்று கேட்டார் வசுமதி.

"காத்தை எடுத்துட்டா வண்டி ஓடாது மேடம்" என்றான் ஹர்ஷா.

"ஓடணும்னு மெயில்ல இல்லையே."

அது உண்மைதான். செலவைக் குறைப்பதற்காகப் போட்டியை ரத்து செய்து முந்தின நாளே மெயில் வந்திருந்தது. ஆனால் எடைக் குறைப்பு ரத்தாகவில்லை. அது தனியாக ஒப்புதல் பெற்ற திட்டம்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஹர்ஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டான்லியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இன்னும் வண்டியில கொறைக்க இன்னாகீது மச்சான்? தராசுல கொறைச்சிக்கலாம் வா" என்று கோவளம் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே அப்பாசாமியின் பழைய இரும்புக் கடை. கடை நடுவில் ஒரு மேடைத் தராசு. ஊரார் கொண்டுவரும் ஓட்டைக் குடமும் உடைந்த கேட்டும் அதில் ஏறினால் அடக்கம் வந்து எடை குறைந்துவிடும். அப்பாசாமி அதைத் துண்டால் துடைத்தார்.

"நம்ம தராசு யாரு மனசையும் நோவடிக்காது சார். எங்க வூட்டுக்காரி வாரா வாரம் ஏறி நிக்கும். எவ்ளோ எளைச்சிட்டேன் பாருன்னு சொல்லிகினே போயி மூணு தட்டு சோறு துண்ணும்."

வண்டியை ஏற்றினார்கள். பதினைந்து. ஒரு முள் அதிகமில்லை. ஹர்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டான்லியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உயிரைக் காப்பாத்தினேடா" என்றான்.

மறுநாள் கமிட்டி இரும்புக் கடைக்கு எழுந்தருளியது. வசுமதி மூக்கில் கைக்குட்டையோடு முள்ளைப் பார்த்தார். ராஜேந்திரன் போட்டோ எடுத்தார். பட்டியலில் ஹர்ஷாவின் பெயர் அழிந்தது. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்தார்கள். தலைமை அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. 'செலவின்றி எடைக் குறைப்பு: கேளம்பாக்கம் முறை' என்று தலைப்பிட்டு, ஹர்ஷா எல்லாக் கிளைகளுக்கும் போய் இந்த முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது.

முதல் பயணம் புனே கிளைக்கு. அங்கே அப்பாசாமி இல்லையே! ஹர்ஷா இரண்டு நாள் தூங்காமல் புரண்டான். பிறகு வசுமதியின் அறைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அந்தத் தராசு பொய் மேடம்."

வசுமதி கோபப்படவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எதை வெச்சாலும் கம்மியாத்தான் காட்டுமா?"

"ஆமா மேடம்."

"யார் வெச்சாலும்?"

"யார் வெச்சாலும்."

"அப்போ பாரபட்சம் இல்லைன்னு சொல்லு."

மார்ச் மாதம் ஊழியர் மதிப்பீடு வந்தது. மீட்டிங் ஹாலில், நீலத் துணி விரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாசாமியின் தராசு கொலுவிருந்தது. வாடகை மாதம் ஐம்பது ரூபாய். கம்பெனி அந்த வருடம் துணிந்து செய்த ஒரே முதலீடு. ஒவ்வொருவரும் தங்கள் ஒரு வருட வேலையை அச்சடித்துக் கொண்டுவந்து தராசில் வைக்க வேண்டும். பத்து கிலோவுக்குக் கீழே இருந்தால் அது 'தேவையற்ற எடை'. தராசைப் படிக்கும் பொறுப்பு, துறையில் முன் அனுபவம் உள்ளவன் என்பதால் ஹர்ஷாவுக்குக் கிடைத்தது. புனே பயணமும் ரத்து.

ஆட்கள் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். பலர் போயே போனார்கள்.

ஸ்டான்லி மூன்று பேர் வேலையையும் இரண்டு கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். கீழே கொரியர்காரரிடம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். பன்னிரண்டு கிலோ. அந்தத் தராசில் அதுவும் போதாது என்று அவனுக்குத் தெரியாதா? அவன்தானே கடையைக் காட்டியவன். கட்டுகளைத் தராசில் வைத்துவிட்டு ஹர்ஷாவின் காலைப் பார்த்தான். மேடையின் ஓரத்தில், நீலத் துணிக்கு அடியில், கால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போதும். முள் அரைக் கிலோ ஏறும். வசுமதிக்கு அது தெரியப்போவதில்லை.

ஹர்ஷாவுக்கு அதிதியின் ஞாபகம் வந்தது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"எவ்வளவு ஹர்ஷா?" என்றார் வசுமதி.

"ஒன்பதரை மேடம்."

என்ன நேர்மை, பாருங்கள். சிநேகிதன் என்று பார்க்கவில்லை. ஒரு கிராம் கூட்டவில்லை, ஒரு கிராம் குறைக்கவில்லை. முள் காட்டியதை முள் காட்டியபடி, குரல் நடுங்காமல் படித்தான். அந்த வருடத்தின் 'நாணயமான ஊழியர்' விருதை அவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

ஸ்டான்லி கட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கதவருகே போனவன் நின்று, கோபமே இல்லாமல் சொன்னான்:

"அப்பாசாமி அண்ணாத்தகூட பழைய இரும்புக்குத்தான் மச்சான் பொய் சொல்லுவாரு."