சேத்தூருக்கு டிக்கெட், ராஜபாளையத்தில் இறக்கம்

காரணம் இல்லாமல் காகம்கூடக் கரையாது என்று சொல்லும் மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். காரணத்தைச் சொல்லும்வரை காகத்தைப் பறக்கவிடாத மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் லேபர் ஆபீசராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையோடு சரி. மில் முழுவதற்கும் அவர் மூணுசாட்சி.

யார் எதைச் செய்தாலும் அது ஏன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். செய்தவர் சொல்லும் காரணத்தை நம்பமாட்டார். தானே ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடுவார். முதல் சாட்சி இலக்கியம், அடுத்தது பழைய சரித்திரம், கடைசியில் மனோதத்துவம். மூன்றும் ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது. ஒத்துப்போகாமல் நின்ற வழக்கு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. மூன்று சாட்சிக்கும் குரல் கொடுத்தவர் அவரேதானே.

அவருடைய ஆபீஸ் அறையிலும் வீட்டிலும் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை. 'சும்மா' என்று யாரும் சொல்லக்கூடாது. "சும்மா வந்தேன், சும்மா நின்னேன், சும்மா சிரிச்சேன்னு ஒலகத்துல எதுவும் கெடையாது. காரணத்த ஒளிச்சு வைக்கிற சாக்குப்பைக்குப் பேருதான் சும்மா" என்பார். அறையில் அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது. போதாக்குறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காலை பஸ்ஸில் ஏன், பகலில் ஆபீசில் ஏன், சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏன் என்று என் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் மாரிமுத்து தாமதமாக வந்தார்.

"ஏலே, ஏன் லேட்டு?"

"வண்டி பஞ்சர் சார்."

"பஞ்சரானது டயரு. நீ ஏன் லேட்டு?"

மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"இலக்கியத்துல பாத்தேன்னா, தலைவன் பொருள் தேடக் கெளம்புவான். தேர் நகராது. குதிரை மாட்டேங்குதுன்னு நெனைக்கியா? அவன் மனசு மாட்டேங்குது. சரித்திரத்துல ஒரு ராஜா, படையெடுக்கப் போகும்போதெல்லாம் சகுனம் சரியில்லன்னு திரும்பிருவான். அவனுக்குச் சண்டைன்னா பயம். மனோதத்துவப்படி, வேலைக்கு வர மனசில்லாதவன் வண்டி ரோட்டுல கெடக்கிற ஆணியத் தேடிப் போகும்."

"அது எந்த ராஜா சார்?"

"எவனா இருந்தா ஒனக்கென்ன? அவன் ஏன் திரும்பினான்னு கேளு."

கடைசியில் மாரிமுத்து, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்ததாக ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. ஒப்புக்கொண்டால்தான் ஷிப்டுக்குப் போகலாம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மூணுசாட்சியின் ராஜாக்கள் எல்லோருமே அப்படித்தான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, நோக்கம் மட்டும் உண்டு.

பால்கோவா ஆராய்ச்சியை மில்லில் இன்றும் பேசுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. எங்கே போனாலும் எங்கள் முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். இவர் ஒருநாள் பெரிய டப்பா நிறையப் பால்கோவா வாங்கிவந்து, கேன்டீன் மேசையில் திறந்து வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆளில்லாத இடத்தில் மனிதன் எப்படி நடப்பான் என்று கண்டறிய வேண்டுமாம்.

அவர் ஒளிந்தார், எப்போதும் கையிலிருக்கும் அவர் குடை ஒளியவில்லை. பீரோவுக்கு வெளியே அதன் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குடையைப் பார்த்தார்கள், பால்கோவாவைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் அவர் காதில் விழும்படி, "அடுத்தவன் பொருள் நமக்கெதுக்குப்பா" என்று சொல்லிவிட்டும் போனார்கள். மில்லில் வேலை பார்ப்பது மனிதர்களா முனிவர்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முகம் கழுவப் போய்த் திரும்பினார். டப்பாவில் எறும்புக்குக்கூட மிச்சமில்லை.

கோபப்படுவார் என்று பார்த்தேன். கண்ணெல்லாம் சந்தோஷம். "பாத்தியாம்மா, ஆள் பாத்தா ஒரு மனுசன், பாக்காட்டி வேற மனுசன். மூணு சாட்சியும் சரியாப் போச்சு" என்றார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை நான் நீட்டியபோது, ஏன் எடுத்து வைத்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொண்டார்.

இப்படியே எழுதினால் அவர் வெறும் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். அது பாவம். ஃபிட்டர் குருசாமியும் ஃபிட்டர் அந்தோணியும் ஒரு ஸ்பேனரை முன்னிட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள். ஒரே மெஷினுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, "அந்தாளப் பிடிக்கச் சொல்லு", "அந்தாள விடச் சொல்லு" என்று மெஷினிடம் பேசுவார்கள். ஸ்பேனர் துருப்பிடித்து, பழைய இரும்புக்கே போய்விட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

மூணுசாட்சி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்றைக்கு ராஜா கதை எதுவும் சொல்லவில்லை. "ஏலே, கோவத்துக்கு ஆயுசு கம்மி. அது செத்த பொறவு கொஞ்ச நாளைக்கு வீம்பு நிக்கும். வீம்பும் போன பொறவு நிக்கிறது என்னது தெரியுமா? வெக்கம். யார் மொதல்ல பேசுறதுங்கிற வெக்கம். நீங்க ரெண்டு பேரும் கோவக்காரங்க இல்லலே, வெக்கப்படுறீங்க" என்றார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு குருசாமி, "டீ குடிக்கியா?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த முறை அவர் மெஷினிடம் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் இப்படி வைத்தியம் பார்த்தவர் தன் வீட்டில் கோட்டைவிட்டார். மனைவி போன பிறகு ஒரே மகள் செண்பகத்தைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். அவள் ஒருநாள், சேத்தூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"எதுக்கு அவன?"

"பிடிச்சிருக்குப்பா."

"பிடிச்சிருக்குங்கிறது காரணமாடீ? ஏன் பிடிச்சிருக்கு?"

"சும்மாதாம்ப்பா. பிடிச்சிருக்கு, அம்புட்டுதான்."

அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டாள். பையன் நல்லவன் என்றோ, கடை நன்றாக ஓடுகிறது என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிதர் சம்மதித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை, அவர் விடவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கேட்டு அவளை அழவைத்துவிட்டார். சேத்தூருக்குக் கிளம்பி வெளியேறும்போது அவள் வாசலில் நின்று சொன்னது தெருவுக்கே கேட்டது. "எதுக்குன்னு கேக்காம என்னைக்கு வாரீகளோ, அன்னைக்கு வாங்கப்பா. கதவு தெறந்துதான் இருக்கும்."

அதற்குப் பிறகுதான் அந்த டிக்கெட் விவகாரம் தொடங்கியது. எங்கள் பஸ் ராஜபாளையம் வழியாகத் தெற்கே போவது. ராஜபாளையத்துக்கு அடுத்த ஊர் சேத்தூர். தினமும் காலையில் இவர், "சேத்தூர் ஒண்ணு" என்று டிக்கெட் எடுப்பார். ராஜபாளையத்தில் என்னோடு இறங்கிவிடுவார். கண்டக்டர் ஆரம்பத்தில், "சார், சேத்தூர் இன்னும் வரலை" என்று படிக்கட்டிலிருந்து கத்துவார். இவர் குடையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். பிறகு கண்டக்டர் கத்துவதை விட்டுவிட்டார்.

ஏன் சார் இப்படி என்று நான் கேட்டேன். கேட்க வேண்டிய முறை எனக்கும் ஒருநாள் வரத்தானே வேண்டும். மூன்று சாட்சிகளும் வந்தார்கள். பிரிந்துபோன தலைவன் தேரை ஊர்ப்பக்கமே திருப்பி வைத்திருப்பானாம். ஒரு ராஜா போர்க்களத்திலும், ஊர் திரும்புவதற்கென்று ஒரு குதிரைக்குச் சேணத்தைக் கழற்றவே மாட்டானாம். மனோதத்துவப்படி, போகவேண்டிய தூரம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் மனிதனுக்குத் தெம்பாம். மூன்றும் கனகச்சிதமாக ஒத்துப்போயின. சேத்தூரில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மூன்று சாட்சியும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ரிட்டயர் ஆகும் நாள் வந்தது. எனக்கு ஒரே கவலைதான். நாளையிலிருந்து மில் இல்லை, மில் இல்லாவிட்டால் பஸ் இல்லை. காரணம் இல்லாமல் அடி எடுத்து வைக்காத மனிதர், இனி எந்தக் காரணத்தைச் சொல்லிச் சேத்தூர் பஸ்ஸில் ஏறுவார்? அன்று காலையிலும் சேத்தூர் டிக்கெட்தான் எடுத்தார். ராஜபாளையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டோம், அவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். நானும் கீழே நின்று பார்த்தேன். பிறகு குடையை ஊன்றி எழுந்து, மெதுவாக இறங்கிவந்தார். "கால் மரத்துப் போச்சும்மா" என்றார்.

சாயங்காலம் பாராட்டு விழா. குருசாமியும் அந்தோணியும் ஒரே சால்வைக்கு ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்த்தினார்கள். மேனேஜர் மூன்று சாட்சி கூப்பிட முயன்று, இரண்டாவதிலேயே தடுமாறி உட்கார்ந்துவிட்டார். ஒரு பஞ்சருக்கே அத்தனை பேசியவர், தன் முறை வந்ததும், "நல்லது, வாரேன்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஊர் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றோம். அவர் கழுத்தில் ரோஜா மாலை. கையில் பால்கோவா டப்பா. எங்கள் ஊர்க்காரருக்கே எங்கள் ஊர்ப் பால்கோவாவை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"சார், குருசாமிக்கும் அந்தோணிக்கும் அன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொன்னேன்?"

"கோவமும் வீம்பும் போன பொறவு நிக்கிறது வெறும் வெக்கம்னு சொன்னீங்க."

"அது அவங்களுக்குச் சொன்னதும்மா" என்றார்.

அப்போது காலையில் எங்களை ஏற்றிவந்த அதே பஸ், அடுத்த நடைக்குத் தெற்கே போக வந்து நின்றது. கண்டக்டர் மாலையைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சார், ஏறுங்க. காலைல எடுத்த டிக்கெட்டுல இங்கருந்து சேத்தூர் வரைக்கும் அப்படியே மிச்சம் கெடக்குல்லா."

"எதுக்குப்பா?" என்றார் இவர், வழக்கப்படி.

"எதுக்குன்னு கேக்காம ஒருநா ஏறுங்களேன் சார்."

அந்தக் கண்டக்டருக்குச் செண்பகத்தைத் தெரியாது. அவள் வாசலில் நின்று சொன்னதும் தெரியாது. மூணுசாட்சி கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பால்கோவா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிவிட்டார். நான் ஜன்னலோரம் ஓடினேன்.

"சார், சாட்சி?"

"சாட்சி ஒண்ணும் இல்லம்மா. பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு."

அதன்பிறகு நடந்ததைச் செண்பகம் என்னிடம் சொன்னாள். மாலையும் சால்வையுமாக வாசலில் நின்றவரைப் பார்த்து மருமகன் பதறிப்போய், "வாங்க மாமா, என்ன விசேசம்?" என்று கேட்டாராம். "ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா வந்தேன்" என்றாராம். உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த செண்பகத்துக்குக் கரண்டி கையைவிட்டு நழுவிவிட்டது. அப்பாவின் குரல்தான். அந்தச் சொல் மட்டும் அப்பாவுடையது இல்லை. ஓடிவந்து பார்த்தவளிடம் அவர் டப்பாவை நீட்டினார். இரண்டு பேரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லையாம்.

அந்த நோய் ஒருநாள் மட்டும்தான் குணமாகியிருந்தது. மறுநாள் காலையிலேயே, காயில் ஏன் தாமிரத்தில் சுற்றுகிறாய் என்று மருமகனைப் பிடித்துக்கொண்டுவிட்டாராம். இப்போது அங்கேயே இருக்கிறார். கடைக்கு வருகிற விவசாயிகள் மோட்டார் ஏன் எரிந்தது என்பதற்கு மூன்று சாட்சி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

இங்கே அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மில்லில் வாசலில் ஒரு மெஷின் வைத்துவிட்டார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு, தாமதமானால் சிவப்பு. ஏன் என்று அது கேட்பதில்லை. போன மாதம் எனக்கு மனது சரியில்லாமல் தொடர்ந்து தாமதமாகப் போனேன். ஒரு பிறவியும் என்ன காரணம் என்று கேட்கவில்லை. எரிச்சலாக இருந்த அந்தக் கேள்விக்கு இப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, "சேத்தூர் ஒண்ணு" என்றேன். ராஜபாளையம் வந்ததும் கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இறங்கவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் "ஏம்மா வந்தே?" என்றுதான் கேட்பார், வேறெதுவும் கேட்கமாட்டார். அவர் அப்படிக் கேட்க வேண்டும்போல இருந்தது.