சாம்பிள் அண்ணனும் துணி பிழிகிற மிஷினும்

சாம்பிள் அண்ணனிடம் எந்தக் கடைக்காரனாலும் எதையும் விற்க முடியாது. நடு வெயிலில் நாக்கு வறண்டு நிற்கும்போது ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாலும், "ஒரு வாய் ஊத்து அப்பு, தாகம் தீருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்கிற ஆள். போடியில் கடை வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அப்புறம்தான் பேசுவார்கள்.

அந்தப் பெருமூச்சை அதிகமாக விட்டவன் நான்தான். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் கட்டில், பீரோ, மிக்ஸி, ஃபேன், வாஷிங் மெஷின் எல்லாம் விற்கிற கடையில் எனக்கு சேல்ஸ்மேன் வேலை. ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. "இதுதான்க்கா கடைசி பீஸு", "இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்டு", "உங்க தெருவுலயே நேத்து ஒருத்தங்க எடுத்துட்டுப் போனாங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டையே தேய்ந்துவிட்டது. வீட்டில் மனைவி தோசை வைத்தால்கூட, "கடைசி பீஸா?" என்றுதான் வாயில் வருகிறது.

எங்கள் தொழிலில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. உள்ளே வந்ததும் குடிக்கக் கலர் சோடா கொடுப்போம். கலர் குடித்தவருக்கு வெறுங்கையோடு எழுந்து போகக் கூச்சமாக இருக்கும். இருப்பதிலேயே விலை கூடியதை முதலில் காட்டுவோம். அதைப் பார்த்து மிரண்டவருக்கு அடுத்தது மலிவாகத் தெரியும். பிறகு மிக்ஸியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவோம். கையில் வாங்கியதைத் திருப்பி வைக்க யாருக்கும் மனசு வராது. இவ்வளவும் தெரிந்த நானே போன தீபாவளிக்குத் தேனியில் ஒரு கடையில் கலர் குடித்துவிட்டு, காலைக் கடிக்கிற செருப்பை வாங்கி வந்தேன். அது இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.

அண்ணனின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. இளவயசில் காய் ஏலம் நடக்கிற இடத்தில் வேலை பார்த்தார். போடியில் காய் என்றால் ஏலக்காய்தான். மூட்டையிலிருந்து கொஞ்சம் காயை எடுத்து, சாம்பிள் என்று ஒவ்வொரு வியாபாரி முன்னாலும் கொண்டுபோய் வைப்பது அவர் சோலி. வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், ஒன்றை உரித்து உள்ளே இருக்கும் அரிசியைக் கடித்துப் பார்ப்பார். எவ்வளவு அருமையான காயாக இருந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆசை தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் விலையை ஏற்றிவிடுவார். அந்த இடத்தில் நின்று நின்று அண்ணன் இரண்டு பாடம் படித்துக்கொண்டார். சாம்பிள் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. வேண்டும் என்பதை முகத்தில் காட்டக் கூடாது.

கஷ்டம் என்னவென்றால், அவர் காய்க்குப் படித்த பாடத்தை மற்ற எல்லாச் சாமானுக்கும் வைத்துக்கொண்டார். ஒரு சித்திரை மாசம் ஃபேன் பார்க்க வந்தார். "சாம்பிள் போடு" என்றார். போட்டேன். கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குவாளியைத் திறந்து அங்கேயே சாப்பிட்டார். வெயில் இறங்கின பிறகு எழுந்து, "காத்து வருது. ஆனா இப்பத் தேவையில்ல, பொழுது சாஞ்சிருச்சு" என்று போய்விட்டார். மெத்தைக்குச் சாம்பிள் பார்த்த கதையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குறட்டைச் சத்தத்தில் மற்ற வாடிக்கையாளர்கள் மெதுவாகப் பேச வேண்டியதாகிவிட்டது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏல வேலையை விட்டுவிட்டு அண்ணன் ஜீப்பு ஓட்ட ஆரம்பித்தார். பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே போடிமெட்டு ஏறி, மலைமேல் எஸ்டேட்டில் காய் எடுக்க இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். ஞாயிற்றுக்கிழமை அதே ஜீப்பு, அதே பெண்கள், நேராக எங்கள் கடை வாசல். இறங்கும் முன்னே ஜீப்பில் வைத்தே அவர் சொல்வது எனக்குக் கல்லாவரை கேட்கும்.

"எல்லாரும் சாப்டாச்சா? பசியோட போனா பாக்குறதெல்லாம் வேணும்ண்டு தோணும். கலர் குடுத்தா வாங்காதீக, தாகத்துக்கு ஜீப்புல கேன்ல தண்ணி இருக்கு. கையில எதையும் வாங்கிப் பாக்காதீக. வெரசா பாத்துட்டு வெரசா வரணும்."

பெண்கள் எல்லாரும் முந்தானைக்குள் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். அண்ணன் நடு ஃபேனுக்குக் கீழே போய், சுவரைப் பார்த்தபடி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஆள் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து தீர்ப்பு மாறிவிடுமாம். ஏதாவது வாங்க ஆசைப்பட்டவர்கள் வரிசையாக அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும்.

"அண்ணே, மிக்ஸி ஒண்ணு பாத்தேன்."

"கடைக்கு வர்றதுக்கு முந்தியே வேணும்ண்டு தோணுச்சா, வந்த பெறகு தோணுச்சா?"

"வந்த பெறகுதான்ணே."

"இல்லாட்டி என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப ஜீப்புல போயி உக்காரு ஆத்தா."

நான் குறுக்கே புகுந்து, "அண்ணே, இன்னைக்கோட ஆஃபர் முடியுதுண்ணே" என்பேன்.

"அப்படியா அப்பு? நாளைக்கு வந்து பாக்குறேன், முடிஞ்சிருச்சான்னு."

சும்மா சொல்லவில்லை, மறுநாள் எஸ்டேட்டிலிருந்து இறங்கும் வழியில் நிஜமாகவே வந்தார். ஆஃபர் போர்டு அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடியலையே அப்பு, கடையில எதும் பிரச்சினையா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். எனக்குத்தான் பீரோவுக்குள் போய் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

முதலாளி ஒருநாள் தானே இறங்கிப் பார்த்தார். அவரும் காய் வியாபாரம் பார்க்கிறவர், ஏலத்தில் உட்கார்ந்த முகம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவர் விற்கும் ஆசையைக் காட்டவில்லை, அவர் வாங்கும் ஆசையைக் காட்டவில்லை. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப் போனது. கடைசியில் முதலாளி எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் வந்தால் கணக்குப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

அண்ணனின் மனைவி பேச்சி மதினி. அதே ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு கடைக்கு வந்ததில்லை. ஒரு மழைநாள், மேலே வேலை இல்லாததால் தனியாகக் கடைக்கு வந்தார். கையை முந்தானைக்குள்தான் கட்டியிருந்தார்.

"தம்பி, துணி பிழியற மிஷினு எது?"

காட்டினேன். பிழிகிற பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே துணி எப்படிச் சுற்றும் என்று சொன்னேன். தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மழைக்காலத்தில் காய்க்காட்டுக்குள் போனால், சேலைக்கு மேலே போட்டுப் போகும் கனத்த சட்டை தண்ணீரைக் குடித்துவிட்டு வரும். தினமும் அதைப் பிழிந்து போட வேண்டும். மதினிக்கு வலது மணிக்கட்டில் பிடிப்பு விழுந்து, முறுக்கினால் உயிர் போகிறதாம். காய் எடுக்கிற கை அது. பிழிவதிலேயே அது போய்விட்டால் காட்டுக்கே போக முடியாது என்று பயந்துபோயிருந்தார்.

"அவர்ட்ட சொல்ல வேண்டியதுதான மதினி?"

"சொன்னேன். மிஷினு விக்கிறவன் எவனாச்சும் சொல்லிக் குடுத்திருப்பான்கிறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு தம்பி."

நான் சொல்லியிருக்கவே கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காதோடு, "மதினிக்குக் கை ரொம்ப முடியலையாம்ணே, ஒரு மிஷின் வாங்கிக் குடுங்க" என்றேன்.

அவர் சுவரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அவ அன்னைக்குச் சொன்னதை வார்த்தை மாறாம நீயும் சொல்றே. நீ விக்கிறவன். இப்பத் தெரிஞ்சுபோச்சு யாரு சொல்லிக் குடுத்ததுண்டு."

நான் வாயைத் திறந்ததால் மதினியின் நிஜமான வலி, எங்கள் கடையின் தந்திரமாகிப் போனது. என் பிழைப்பு இப்படி. பொய் சொன்னால் பாதிப் பேர் நம்புகிறார்கள், உண்மை சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. மனசு கேட்காமல் அடுத்தடுத்த வாரங்களில் எல்லா வழியிலும் முயன்றேன். தவணையில் தருகிறேன் என்றேன். "தவணைன்னா வலி தெரியாம அறுக்கிறது" என்றார். கடைசியில் அலுத்துப்போய், "வேணாம்ணே, நீங்க இதை வாங்கவே வாங்காதீங்க" என்றேன். அண்ணன் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பாராட்டாகப் பார்த்தார். "இது புதுசா இருக்கே அப்பு" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அண்ணன் ஃபேனுக்குக் கீழே, பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால். குக்கர் கேட்டவர் ஜீப்புக்குப் போனார், நாற்காலி கேட்டவரும் போனார். வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் பையோடு பேச்சி மதினி நின்றார்.

"வாஷிங் மிஷினு" என்றார்.

குரலைக் கேட்டதும் அண்ணனின் கழுத்து லேசாக அசைந்தது. "நீ எதுக்கு இங்க வந்து நிக்கிறே?"

"வரிசையில நிக்கிறேன்ல. மத்தவுகளைக் கேக்குறதை என்னையும் கேளுங்க."

ஜீப்புக்குப் போன பெண்கள் எல்லாம் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். அண்ணனுக்கு வேறு வழியில்லை.

"கடைக்கு வர்றதுக்கு முந்தித் தோணுச்சா, வந்த பெறகா?"

"போன மழைக்கே தோணுச்சு. அப்ப இந்தக் கடை எந்தப் பக்கம் இருக்குண்டுகூட எனக்குத் தெரியாது."

"இல்லாட்டி என்னாகும்?"

மதினி மஞ்சள் பைக்குள் கையை விட்டார். "நீங்க சாம்பிள் பாக்காம ஒண்ணையும் நம்ப மாட்டீகளே. கொண்டாந்திருக்கேன், திரும்பிப் பாருங்க."

அண்ணன் திரும்பினார். பையிலிருந்து வந்தது அண்ணனுடைய காக்கிச் சட்டை, சொட்டச் சொட்ட நனைந்தது. மதினி அதை இரண்டு கையிலும் பிடித்து முறுக்கினார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் வலது கை விரல்கள் தானாகப் பிரிந்துகொண்டன. சட்டை தொப்பென்று எங்கள் கடை டைல்ஸ் மேல் விழுந்தது. மதினி முகத்தைச் சுளிக்கவில்லை. அண்ணனோடு இத்தனை வருஷம் இருந்தவருக்கும் அந்த ஏல முகம் வந்திருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து சட்டையை எடுத்தவர் அண்ணன்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு மதினியின் மணிக்கட்டைப் பார்த்தார். வீங்கியிருந்தது. வாரம் முழுக்க ஒரே ஜீப்பில் போய் வந்தவர், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

பிறகு மிஷினைப் பார்த்தார். ஏலத்தில் படித்த பாடமெல்லாம் அந்த முகத்திலிருந்து போய்விட்டது. வேண்டும், இப்பவே வேண்டும், என்ன விலையானாலும் வேண்டும் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்து, என் பக்கத்தில் வந்தார். என் முழங்கையை இடித்து, கடையிலேயே விலை கூடிய பெரிய மிஷினைக் கண்ணால் காட்டினார்.

"அண்ணே, ரெண்டு பேருக்கு இந்தச் சின்னதே தாராளம். உங்களுக்குப் பிழியறதுதான வேணும்? பெருசு வேணாம்" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "நெசமாவா அப்பு?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. "நெசமாத்தான்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். சாம்பிள் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பெண்கள் ஆளுக்கொரு கை பிடித்து மிஷினை ஜீப்பில் ஏற்ற, போகும்போது மதினி முன்சீட்டில் உட்கார்ந்து போனார். அன்றைக்கு முழுக்க முதலாளி என்னோடு பேசவில்லை. அதுவும் ஒருவகையில் ஓய்வாகத்தான் இருந்தது.

அதற்காக அண்ணன் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறு வாரமே வந்து, அதே ஃபேனுக்குக் கீழே நின்று, என்னுடைய மூன்று வியாபாரத்தைக் கெடுத்தார். ஒரே ஒரு மாற்றம்தான். இப்போது சுவரைப் பார்த்து நிற்பதில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும், "மொதல்ல கையைக் காட்டு ஆத்தா" என்கிறார். பார்த்துவிட்டுத்தான் மற்ற கேள்விகள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல், வரவில்லை. பெண்கள் பஸ்சில் வந்து கலர் குடித்தார்கள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள், "கடைசி பீஸு" என்று நான் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். நல்ல வியாபாரம். முதலாளி குஷியாகி, ஃபேனுக்குக் கீழே இடம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஒரு கட்டிலை இழுத்துப் போடு என்றார்.

இதோ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து சிலமலை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டிலை இன்னும் போடவில்லை. காய்ச்சல் விட்டு வந்தால் அண்ணன் எங்கே நிற்பார்?