பக்கத்து வயல் பூக்கள்

ஆறு கிடாரிகளும் பூமேட்டின் நடுவே படுத்து, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. மின்வேலிக் கம்பி தரையில் கிடந்தது. மேட்டில் ஒரு பூ இல்லை.

பால்ஸ் இம்ஹோல்ஸ் வேலி ஓரத்தில் நின்று இன்னொரு முறை பார்த்தான். வெட்டிய தலைமுடி போலக் குட்டையான புல், மழை ஈரத்தில் மிதிபட்ட குழிகள், ஆங்காங்கே சாணி. நேற்று முழுக்க ஆல்ட்டார்ஃப் மாட்டுச் சந்தையில் இருந்தான். ஒரு நாள் மேலே வந்து பார்க்காததற்கு இந்தத் தண்டனை.

போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"ரெகுலா, மேட்டுக்கு வா. எதுவும் கேக்காதே. மண்வெட்டி எடுத்துட்டு வா."

மதியம் இரண்டு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார்.

பால்ஸின் அப்பா பால் விற்றுப் பிழைத்தார். பால்ஸ் பூவைக் காட்டிப் பிழைக்கிறான். ஜூலை பிறக்கும்வரை இந்த மேட்டில் புல் வெட்டக் கூடாது, எரு போடக் கூடாது, மாடு மேயக் கூடாது. அரசாங்கம் சொல்லும் பூக்களில் ஆறு வகையாவது பூத்திருக்க வேண்டும். பூத்திருந்தால் மானியம் நேராக வங்கிக் கணக்கில் வந்து விழும். ஐந்து வகைதான் என்றால் எதுவும் விழாது. பால் பணம் கைச்செலவுக்கே சரியாகப் போகிறது. குடும்பம் ஓடுவது பூவில்தான்.

ரெகுலா மூச்சு வாங்க ஏறி வந்தாள். மேட்டைப் பார்த்தாள், கிடாரிகளைப் பார்த்தாள், கடைசியாகக் கணவனைப் பார்த்தாள்.

"போன் பண்ணி உண்மையைச் சொல்லிடு பால்ஸ். வேலி அறுந்துது, மாடு பூந்துருச்சு. நடக்கிறதுதானே?"

"நடக்கிறதுதான். மானியமும் நடந்து போயிடும். கொட்டகைக் கூரைக்குத் தச்சன் திங்கட்கிழமை வர்றான். பணம் வரலேன்னா இந்த ஆறையும் வித்துத்தான் அவனுக்குக் கொடுக்கணும்."

ரெகுலா கிடாரிகளை மறுபடி பார்த்தாள். ஆறும் அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவை. அடுத்த வருஷம் கன்று போட வேண்டியவை. அவை போனால் தொழுவத்தில் கிழட்டு மாடுகள்தான் மிச்சம். அதற்குப் பிறகு பண்ணை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது.

"சரி, முதல்ல சாணியை அள்ளு" என்றாள்.

கிடாரிகளை விரட்டிவிட்டு வேலியைக் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு மேடு முழுக்கச் சாணி பொறுக்கினார்கள். லூனா என்ற கிடாரி மட்டும் வேலி ஓரம் நின்று, தன் சொத்தை யாரோ எடுத்துப் போவதைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"இப்ப மேடு சுத்தமா இருக்கு" என்றாள் ரெகுலா. "பூ?"

பால்ஸ் கீழே பக்கத்துப் பண்ணைக்காரர் யோஸ்ட் ஹெர்கரின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பார்வை போன திசையை அவளும் பார்த்தாள். "வேண்டாம். யார்கிட்ட வேணும்னாலும் கை வை, அந்த மனுஷன்கிட்ட வேண்டாம்."

யோஸ்ட் ஹெர்கர் சாதாரண ஆள் இல்லை. ஒரு நாள் முன்னதாகப் புல் வெட்டினார் என்று சொந்த மைத்துனர் மேலேயே புகார் எழுதிப் போட்டவர். கோயிலில் முன்வரிசை, ஊர்க்கூட்டத்தில் முதல் குரல். நேற்றுத்தான் அவர் வயலில் சோதனை முடிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் வயல் தேறியது. அந்தச் சந்தோஷத்தில் நேற்று மாலை விடுதியில் எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தாராம். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது; பூவைப் பற்றி இல்லை, பியரைப் பற்றி.

"அவர் இப்ப பால் கொண்டு போயிருப்பார். வர நேரமாகும்" என்றான் பால்ஸ். "அவருக்குச் சோதனை முடிஞ்சுபோச்சு. இனிமே அந்தப் பூ அவருக்கு எதுக்கு?"

"இதைப் போலீஸ்கிட்டயும் இதே மாதிரி சொல்லு."

சொல்லிவிட்டு அவளே தள்ளுவண்டியை எடுக்கப் போனாள்.

யோஸ்டின் வயலில் வெள்ளைச் சாமந்தி இருந்தது. நீல மணிப்பூ, ஊதாக் கதிர்ப்பூ, மஞ்சள் பயற்றம்பூ, காட்டுக் கார்னேஷன், செந்நிறக் குண்டுப்பூ, எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி நின்றன. பால்ஸ் வேரோடும் மண்ணோடும் கட்டி கட்டியாகப் பெயர்த்தான். கேக்கில் கத்தி இறங்குவது போல மண்வெட்டி இறங்கியது. நல்ல மண் என்று பொறாமைப்பட்டுக்கொண்டே பெயர்த்தான்.

எங்கே நடுவது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சோதனைக்கு வருபவர் கயிற்றால் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் பூவைத்தான் எண்ணுவார். வழக்கமாக வரும் அதிகாரிக்கு முழங்கால் வலி. மேட்டின் அடியில் வைக்கோல் குடிசையைத் தாண்டி அவர் ஒரு அடி ஏறியதில்லை. குடிசைப் பக்கத்திலேயே நட்டு முடித்து, தண்ணீர் ஊற்றி, பின்னால் நகர்ந்து பார்த்தார்கள்.

மொட்டை மேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கொத்து மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"வழுக்கைத் தலையிலே காதோரம் மட்டும் முடி இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ரெகுலா.

"மான் மேஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்."

"மான் இதை மட்டும் ஏன் விட்டுது?"

"வயிறு நிறைஞ்சிருக்கும்."

அப்போது கீழே பாதையில் சைக்கிள் மணி கேட்டது. பழைய அதிகாரி சைக்கிளில் வரமாட்டார். சைக்கிளிலிருந்து குதித்தவள் ஒரு இளம்பெண். தோளில் கயிறு, காலில் மலையேறும் பூட்ஸ்.

"வணக்கம். ஆன்யா ட்ரெஷ். பெரியவருக்கு முட்டி ஆபரேஷன், இந்த வருஷம் நான்தான் வர்றேன். கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன், பரவாயில்லையே?" கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்தாள். "அந்தக் குடிசைப் பக்கம் வேண்டாம், ஓரத்திலே எடுத்தா கணக்கு சரியா வராது. அதோ மேலே ஒத்தை லார்ச் மரம் தெரியுதே, அதுக்கடியிலே வட்டம் போடலாம்."

பால்ஸ் ரெகுலாவைப் பார்த்தான்.

ரெகுலா அதற்குள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டாள். "முதல்ல காபி."

"இல்லைங்க, வேலையை முடிச்சுட்டு..."

"எங்க வீட்டுப் படி ஏறாம யாரும் பூ எண்ணினதில்லே. வாங்க. வால்நட் கேக் செஞ்சிருக்கேன். எங்க கல்யாண ஆல்பமும் நீங்க பார்த்ததில்லையே?"

"நான் ஏங்க அதைப் பார்த்திருக்கப் போறேன்?"

"அதான் சொல்றேன், வாங்க."

வீட்டுக் கதவு சாத்தியதும் பால்ஸ் ஓடினான். நட்டதையெல்லாம் மறுபடி பெயர்த்து, முதுகில் கட்டும் மரச்சட்டத்தில் மண்கட்டிகளை அடுக்கி, மலைச்சரிவில் நாலு கால் பிராணி போல ஏறினான். லார்ச் மரத்தடியில் இறக்கி வைத்து, கைகளாலேயே தோண்டி நட்டான். மறுபடி இறங்கினான், மறுபடி ஏறினான். கடைசிச் சுமையில் கால் வழுக்கியது. நீல மணிப்பூக் கட்டி சட்டத்திலிருந்து நழுவிச் சரிவில் உருண்டு, துள்ளி, வேலிக்கு அடியில் புகுந்து லூனாவின் முகத்துக்கு நேரே போய் நின்றது.

"லூனா, வேண்டாம். கண்ணு, வேண்டாம்."

லூனா அதை மரியாதையாக மண்ணை மட்டும் விட்டுத் தின்றது.

ஐந்து.

திரும்பிப் பார்த்தான். வீட்டுக் கதவு திறந்துவிட்டது. ஆல்பம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆன்யா படபடவென்று ஏறி வந்தாள். பின்னால் ரெகுலா, கையில் மிச்சக் கேக்கோடு. பால்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், அந்தப் பெண் காலை வைக்கப் போகிற இடத்தில் ஒரு சாணி தப்பியிருப்பதைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தான்.

ஆன்யா தொப்பியைப் பார்த்தாள்.

"பூவுக்கு மரியாதை" என்றாள் ரெகுலா. "இவர் அப்பா காலத்துப் பழக்கம்."

ஆன்யா பூட்ஸால் புல்லைத் தடவினாள். "மேஞ்சிருக்கே."

"மான்" என்றான் பால்ஸ்.

"மண்ணும் இளகியிருக்கு."

"எலி."

"மான், எலி. சுறுசுறுப்பான மேடுதான்." அவள் முளையை அடித்துக் கயிற்றைக் கட்டினாள். "மான் மேஞ்சா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஆறு இருக்கணும். அஞ்சுன்னா அஞ்சுதான், சொல்லிட்டேன்."

வட்டத்துக்குள் மண்டியிட்டாள். "சாமந்தி. ஒண்ணு. கதிர்ப்பூ, ரெண்டு."

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஆள் ஏறி வருவதைப் பால்ஸ் பார்த்தான். யோஸ்ட் ஹெர்கர். தோளில் மண்வெட்டி. முகம் சிவந்திருந்தது. நேராக இவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

"கார்னேஷன், மூணு."

ரெகுலா பால்ஸின் முழங்கையைக் கிள்ளினாள். "வயலைப் பார்த்துட்டார்" என்று உதடு அசையாமல் சொன்னாள்.

யோஸ்ட் வந்து சேர்ந்தார். வட்டத்துக்குள் நின்ற பூக்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, நிதானமாக, அடையாளம் காட்டச் சொன்னது போலப் பார்த்தார். பிறகு பால்ஸைப் பார்த்தார். பால்ஸ் தன் மண் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். தொப்பி இல்லாத தலையில் வெயில் சுட்டது.

"ஹெர்கர் ஐயா, நீங்களா?" ஆன்யா நிமிர்ந்தாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நேத்து உங்க வயல்லயும் இதே கதிர்ப்பூதான் பார்த்தேன். இதே மாதிரி நுனி மடங்கி..."

யோஸ்ட் தொண்டையைச் செருமினார். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் குடியைக் கெடுக்கும் முன் அவர் இப்படித்தான் செருமுவார்.

"ஒரே மலை" என்றார். "ஒரே மழை, ஒரே காத்து. பூ மட்டும் வேற மாதிரியா இருக்கும்?"

பால்ஸ் தன் காதை நம்பவில்லை. ரெகுலா கேக்கைக் கீழே போட்டாள்.

"அதுவும் சரிதான்." ஆன்யா மறுபடி குனிந்தாள். "பயற்றம்பூ நாலு. குண்டுப்பூ அஞ்சு." கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள். "அஞ்சு."

பால்ஸ் வேலிக்கு அப்பால் நின்ற கிடாரிகளைப் பார்த்தான். சந்தையில் ஆறையும் சேர்த்து ஒரே வியாபாரியிடம் கொடுத்தால் ஒன்றையொன்று பிரியாமல் இருக்கும் என்று நினைத்தான். லூனாவை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் நினைத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது தெரிந்தும் இரண்டையும் நினைத்தான்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு இம்ஹோல்ஸ் ஐயா." அவள் எழுவதற்காகத் தரையில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி மண்டியிட்டு, புல்லை விரலால் விலக்கினாள்.

தரையோடு தரையாக, மாட்டின் பல்லுக்கு எட்டாத உயரத்தில், ஒரு கொடி படர்ந்திருந்தது. கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்கள். ஓமம் போல வாசனை.

"காட்டுத் தைம்" என்றாள் ஆன்யா. "ஆறு."

எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, கையிலிருந்த கருவியில் எதையோ அழுத்தினாள். "தேறிடுச்சு. வாழ்த்துகள். அந்த மானை மட்டும் கொஞ்சம் கவனிங்க."

சைக்கிள் மணிச் சத்தம் வளைவு தாண்டி மறையும்வரை மூவரும் அசையவில்லை. பிறகு ரெகுலா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யோஸ்ட் இன்னும் போகவில்லை. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். அந்த இரும்பின் பளபளப்பைப் பால்ஸால் பார்க்க முடியவில்லை. மைத்துனரையே விடாத மனிதர், அந்தப் பெண் முன்னால் பால்ஸைக் காப்பாற்றியிருக்கிறார். இனி தனியாக வைத்துக் கேட்கப் போகிறார். கேட்கும் முன் சொல்லிவிடுவது நல்லது.

"யோஸ்ட் அண்ணே, மன்னிச்சுடுங்க. சுத்தி வளைக்கலே. இந்தப் பூ பூராவும் உங்க வயல்லதான் பெயர்த்தேன். காலையிலே நீங்க பால் கொண்டு போனப்போ. கிடாரிங்க என் மேட்டை மேஞ்சுருச்சு, வேற வழி தெரியலே. இப்பவே எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுவந்து நட்டுத் தர்றேன். புகார் எழுதணும்னா எழுதுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

யோஸ்ட் ஹெர்கர் கழுத்தைச் சொறிந்தார். முன்வரிசை மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"திருப்பி எல்லாம் தர வேண்டாம் தம்பி" என்றார். "முந்தாநாள் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் பாட்டுப் பயிற்சிக்குப் போனப்போ, என் சோதனைக்காக இதையெல்லாம் உன் மேட்டுலேருந்து பெயர்த்துட்டுப் போய், தோண்டின தடம் தெரியக் கூடாதுன்னு வேலியை அவுத்து உன் கிடாரியை உள்ளே விட்டதே நான்தான், இன்னைக்கு உனக்குச் சோதனையாச்சே, திருப்பி நட்டுடலாம்னு மண்வெட்டியோட போனா வயல்ல ஒரு பூவைக் காணோம், அப்பலேருந்து திருடனைத்தான் தேடிட்டு இருக்கேன்."